கார் பெயிண்ட் மங்கிடுச்சா? பழைய செராமிக் கோட்டிங்கை எடுக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு புது கார் வாங்கிய பலர், டெலிவரி எடுக்கும்போதே செராமிக் கோட்டிங்கும் சேர்த்துப் போட்டார்கள். 3 ஆண்டு, 5 ஆண்டு என வாரண்டி சொல்லி விற்கப்பட்ட அந்தப் பூச்சுகளுக்கு இப்போது ஆயுள் முடியும் நேரம். வெயிலில் நிறுத்தினால் பானெட் மேல் புகை படிந்தது போல ஒரு மங்கல். வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறை. டீட்டெய்லிங் கடைக்குப் போனால், "பழைய கோட்டிங்கை எடுத்துட்டு, கம்பவுண்ட் அடிச்சு புதுசா போட்டுடலாம் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

கேட்க ரொம்ப எளிதாக இருக்கும். ஆனால் அந்த கம்பவுண்ட் வேலையில் தேய்வது கோட்டிங் மட்டும் அல்ல, காரின் பெயிண்டும்தான். அது போனால் போனதுதான், மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் மங்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மெஷினை வைக்க விடக் கூடாது.

உண்மையில் தேய்வது எது?

கம்பெனியில் இருந்து வரும் காரின் பெயிண்ட் ஒரே அடுக்கு கிடையாது. தகடு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போல நிறமே இல்லாத கிளியர் கோட்.

இவை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, காருக்குப் பளபளப்பு தந்து, வெயிலில் இருந்து நிறத்தைக் காப்பாற்றும் அடுக்கு ஒரு தலைமுடியை விட மெல்லியது.

செராமிக் கோட்டிங் இதைவிடவும் மெல்லியது. பெரும்பாலும் 1 அல்லது 2 மைக்ரான்தான். இதை எடுக்கக் கம்பளி பேடும் கரடுமுரடான கம்பவுண்டும் போட்டால், கோட்டிங்கோடு கிளியர் கோட்டிலும் சில மைக்ரான்கள் போய்விடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், மிச்சம் இருக்கும் கிளியர் கோட் வெயிலைத் தாங்காது. வெள்ளைத் திட்டு விழுந்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கும்.

எல்லா மங்கலும் ஒன்றா?

இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு வேறு.

• மேலே படிந்த அழுக்கு: சாலைத் தூசி, எண்ணெய்ப் புகை, பழைய வேக்ஸ் மிச்சம். இது பெயிண்டில் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது.

• உப்புத் தண்ணிக் கறை: போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். வெயிலில் கழுவினால், துடைப்பதற்குள் தண்ணீர் காய்ந்து உப்பு ஒட்டிக்கொள்ளும்.

• சரியாகத் துடைக்காத கோட்டிங்: பூச்சைத் தடவி சரியான நேரத்தில் துடைத்து எடுக்காவிட்டால் அங்கங்கே தடித்து நின்றுவிடும். எண்ணெய்த் திட்டு மாதிரி தெரியும். புதிதாகக் கோட்டிங் போட்ட காரிலேயே மங்கல் இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

• மெஷின் தடம்: முன்பு பாலிஷ் போட்டவர் விட்டுச் சென்ற நுண்ணிய கீறல்கள். நிழலில் தெரியாது, வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும். கறுப்பு, அடர் நீல கார்களில் ரொம்பவே தெரியும்.

• கிளியர் கோட்டே கெட்டுப்போனது: ரூஃப், பானெட் போல வெயில் நேராக விழும் இடங்களில் வரும். எந்த பாலிஷும் இதைச் சரி செய்யாது. அந்த இடத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

முதலில் காரை நிழலில் வைத்து ஷாம்பூ போட்டுக் கழுவிக் காய விடுங்கள். மங்கலான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் மேற்பரப்பில் நுண்கீறலோ தேய்மானமோ இருக்க வாய்ப்பு அதிகம். கீறலுக்குள் தண்ணீர் நிரம்புவதால்தான் மறைவது போலத் தெரிகிறது.

அடுத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு ஒரு சின்ன இடத்தைத் துடைத்துப் பாருங்கள். மங்கல் போய்விட்டால் அது பழைய வேக்ஸ் அல்லது பாலிஷ் மிச்சம். மெஷினே தேவையில்லை.

இன்னொரு விஷயம். தண்ணீர் முத்து முத்தாக உருளவில்லை என்பதாலேயே கோட்டிங் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அழுக்கும் உப்பும் மேலே மூடிவிட்டால் நல்ல கோட்டிங்கும் வேலை செய்யாதது போலத்தான் தெரியும். நன்றாகக் கழுவி, தண்ணீர்க் கறை நீக்கும் திரவத்தால் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் பழைய பளபளப்பு திரும்பிவிடும்.

இதற்காக பாத்ரூம் டைல்ஸ் கழுவும் ஆசிடை எடுத்து காரில் ஊற்றிவிடக் கூடாது. அது உலோக, குரோம் பாகங்களை அரித்துவிடும், பெயிண்டுக்கும் ஆபத்து.

பழைய பூச்சை எடுப்பது எப்படி?

எந்தப் பூச்சு என்பதைப் பொறுத்து வழி மாறும்.

வேக்ஸ்: இதுதான் ரொம்ப எளிது. காரத்தன்மை அதிகமுள்ள ஷாம்பூவும், ஆல்கஹால் துடைப்பும் போதும்.

செராமிக்: சாதாரண ஷாம்பூவுக்கும் ஆல்கஹாலுக்கும் அசையாது. காரத்தன்மை கொண்ட சில ரசாயனங்கள் பலவீனப்படுத்தலாம், ஆனால் முழுதாக எடுக்கக் கடைசியில் பாலிஷ்தான். மென்மையான ஃபோம் பேடும் நைஸான பாலிஷும் போட்டு ஆரம்பிப்பதே சரி. அது போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போகலாம். நேராகக் கம்பளி பேடுக்குப் போவது எறும்பை அடிக்க உலக்கையை எடுப்பது மாதிரி.

பிபிஎஃப்: இது பூச்சு இல்லை, பாலியூரிதேன் ஃபிலிம். பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் இருக்கும். நாளாக நாளாக மஞ்சளாகும், ஓரம் தூக்கும். எடுக்கும்போது மிதமாகச் சூடேற்றி, மெதுவாக, தகட்டை ஒட்டினாற்போல இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால், முன்பு டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த இடத்தில் பெயிண்டும் கூடவே வந்துவிடலாம்.

'9 ஹெச்' என்றால் கீறலே விழாதா?

கோட்டிங் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வார்த்தை இது. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சிலர் சொல்வதும் உண்டு. உண்மை அது அல்ல. வைரத்துக்கு 10 மதிப்பெண் தருவது மோஸ் என்ற வேறு அளவுகோல். 9 ஹெச் என்பது பென்சில் சோதனை. வரையப் பயன்படும் பென்சில்களில் மிகக் கடினமான வகைகளில் ஒன்றான 9 ஹெச் பென்சிலால் கீறியும் பூச்சில் கீறல் விழவில்லை என்பதே அதன் அர்த்தம். மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட காரிலும் கீறல் விழும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

• பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா? வேலைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு பேனலையும் அளந்து எழுதித் தருவார்களா?

• ஒரு சதுர அடியில் மட்டும் முதலில் செய்து காட்டுவார்களா? அங்கே வந்த ரிசல்ட்டைப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

• கதவு ஓரம், பானெட் மடிப்பு போன்ற இடங்களில் டேப் ஒட்டுவார்களா? அங்கே பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண கருவி அதன் மேல் அளவு காட்டாது. அங்கே கூடுதல் கவனம் தேவை.

• பில்லில் கோட்டிங்கின் பெயர், எத்தனை அடுக்கு, வாரண்டி நிபந்தனை எல்லாம் இருக்கிறதா? குறிப்பிட்ட இடைவெளியில் சர்வீஸுக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை.

வாரண்டி இருக்கும்போதே கோட்டிங் மங்கினால், புதுசுக்குக் காசு கொடுக்கும் முன் வாரண்டியைக் கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டுக்கும் பில்லும், தேதியோடு எடுத்த புகைப்படமும் முக்கியம்.

காரை விற்கும்போதும் இது பாக்கெட்டைத் தொடும். பழைய கார் மதிப்பிடுபவர்கள் அதே தடிமன் கருவியை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு பேனலில் மட்டும் அளவு அதிகமாகக் காட்டினால், ரீ-பெயிண்ட் செய்த வண்டி, அடிபட்டிருக்கலாம் என்று விலையைக் குறைப்பார்கள். பாலிஷில் தேய்ந்துபோய் பெயிண்ட் அடித்தோம் என்று சொன்னாலும் நம்ப வைப்பது கஷ்டம். லேசான மங்கலோடு இருக்கும் ஒரிஜினல் பெயிண்டுக்கு, கண்ணாடி மாதிரி மின்னும் மறு பெயிண்டை விட மதிப்பு அதிகம்.