பாதியில் மூடிய பாடநூல்

இலக்கியத்தைக் காலத்தின் கண்ணாடி என்பர். கண்ணாடியில் நம் முகம் கோணலாய்த் தெரியுங்கால் முகத்தைத் திருத்தாது கண்ணாடியைப் பழிப்பது முறையன்று. பெண்ணெழுத்தின்மீது நம்மவர் கொள்ளும் சினமும் அத்தகையதே.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 12 வயதில் மணமுடிக்கப்பெற்றவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். அவர் எழுதிய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938இல் உ.வே.சாமிநாதையரின் பாராட்டுரையோடு வெளிவந்தது. 66 ஆண்டுகள் கழித்து, 2004இல், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வெளிவந்தது. அவரும் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தவரே. காலம் மாறியது, பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட சிறுமி மாறவில்லை.

சல்மாவின் புதினத்தில் வஹிதா உறவுக்குள்ளேயே மணமுடிக்கப்படுகிறாள். பிர்தவ்ஸ் பிடிக்காத மணத்தை உதறித் தாய்வீடு திரும்புகிறாள். இவர்களைச் சிறுமி ராபியா பார்த்துக்கொண்டே வளர்கிறாள். இம்மூவர் வாயிலாக நாம் உணர்வது ஒன்று: இளமை மணம் பறிப்பது படிப்பை மட்டுமன்று; 'எனக்கு வேண்டும், வேண்டா' எனச் சொல்லும் பழக்கத்தையே பறிக்கிறது. நிக்காஹ்வுக்கு மணமகளின் இசைவு இன்றியமையாதது. ஆயின், வேறு விடை சொல்லவே பழகாத பெண்ணிடம் பெறும் இசைவு எத்தகையது?

இஃது ஒரு சமயத்தாரின் குறையன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்னரே மணமானவர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்திருந்தும் நிலை இது.

'எங்கள் பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது; சட்டத்தை மீறவில்லையே' எனப் பெரியோர் கேட்கலாம். நல்ல இடம் கைநழுவுமோ என்னும் அவர்தம் அச்சத்தை நாம் எள்ளவில்லை. எனினும், இரண்டாம் ஆண்டில் முன்வரிசையில் அமர்ந்து ஐயம் வினவிய மாணவி, மாப்பிள்ளையின் விடுப்பு முடியுமுன் மணமாகி, மூன்றாம் ஆண்டில் வருகைப்பதிவேட்டில் வெறும் பெயராய் எஞ்சுவதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவள் சட்டப்படி சிறுமியல்லள். ஆனால் அவள் பாடநூலும் பாதியில்தான் மூடப்பட்டது.

மணம் பேசும் அவையில் மஹர் பேசுகிறோம்; விருந்து பேசுகிறோம். 'பட்டம் முடியும்வரை படிப்பாள்' என்பதையும் அங்கேயே பேசி உறுதிசெய்தல் அரிதன்று. அதற்குமுன், அவளிடமே கேட்போம், விடைக்காகக் காத்திருப்போம்.