படத்தில் ஆரஞ்சு, உள்ளே சீனி

லங்காவிக்குப் போய் வந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு எங்கே கை வைத்தாலும் சாக்லெட்தான். 1987இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, அங்கே போகிறவர்கள் பை நிறைய அள்ளி வருவது நம் ஊர் வழக்கம். அந்தக் குவியலில் ஆரஞ்சு சுவை சாக்லெட்டுக்குத் தனி மரியாதை. "இதுல பழம் இருக்கு, பிள்ளைக்குக் குடு" என்பார் பாட்டி. "டார்க் சாக்லெட் இருதயத்துக்கு நல்லது, கூடவே வைட்டமின் சி" என்பார் ஜிம்முக்குப் போகும் அண்ணன். வானொலியில் உணவைப் பற்றிப் பேசுகிற நாள்களில் எனக்கு வரும் குரல் பதிவுகளிலும் இந்த நம்பிக்கையைக் கேட்கிறேன்.

அட்டையில் படமாக இருக்கும் ஆரஞ்சு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோமா?

சாக்லெட்டுக்குத் தண்ணீர் ஆகாது. உருக்கிய சாக்லெட்டில் கொஞ்சம் நீர் பட்டாலே திரிந்து கட்டியாகிவிடும். அதனால் ஆரஞ்சுச் சாற்றை நேராக ஊற்றிச் சாக்லெட் கட்டி செய்ய முடியாது. சுவைக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய், அல்லது அந்த வாசனையைத் தரும் சுவையூட்டி. ஆரஞ்சை உரிக்கும்போது கண்ணில் தெறித்து எரிகிறதே, அதே எண்ணெய்தான். இங்கிலாந்தின் யார்க் நகரில் டெர்ரிஸ் நிறுவனம் 1932இல் அறிமுகப்படுத்திய, சுளை சுளையாகப் பிரியும் உருண்டைச் சாக்லெட்டிலும் சுவை தருவது ஆரஞ்சு எண்ணெய்தான்.

வைட்டமின் சி நீரில் கரையும் சத்து, எண்ணெயில் கரையாது. நார்ச்சத்து சதையில் இருக்கிறது. எனவே தோல் எண்ணெயோடு சாக்லெட்டுக்குள் வருவது வாசம் மட்டுமே. சில வகைகளில் தோல் துண்டுகளே பல்லில் அகப்படும். அவை சீனிப் பாகில் ஊறி வந்தவை. கொஞ்சம் நார்ச்சத்து இருந்தாலும் சீனிதான் அதிகம். பல்லில் ஒட்டிக்கொள்வதால் சொத்தைக்கும் வழி.

இப்போது கணக்கு. நடுத்தர அளவு ஆரஞ்சு ஒன்றில் ஏறக்குறைய 60 கலோரி, 70 மில்லிகிராம் வைட்டமின் சி, 3 கிராம் நார்ச்சத்து. 40 கிராம் பால் சாக்லெட்டில் ஏறக்குறைய 210 கலோரி, 20 கிராமுக்கு மேல் சீனி. அதாவது ஐந்து தேக்கரண்டி. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு, சேர்க்கப்படும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அளவு இதைவிடக் குறைவு. காலையில் மைலோ, பள்ளியில் சிராப் தண்ணீர், மாலையில் இந்தச் சாக்லெட் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் டார்க்? 70 விழுக்காடு கோக்கோ உள்ளதில் 100 கிராமுக்குச் சீனி 30 கிராம் அளவில் இருக்கும். ஆனால் ஆரஞ்சு சேர்த்த டார்க் வகைகள் சிலவற்றில் கோக்கோ 50 விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. இருதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்குக் காரணம் கோக்கோவில் உள்ள பிளவனால் என்னும் பொருள். அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட 21,442 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. தினமும் 500 மில்லிகிராம் பிளவனால் எடுத்தவர்களிடையே இருதய நோயால் இறப்பு குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் உறுதியான பலன் தெரியவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததும் மாத்திரைதான், சாக்லெட் இல்லை.

நம் வீடுகளில் இதை விளையாட்டாக விட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்.

அவர்களுக்காக முக்கியமான ஒன்று. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சில நேரம் சீனி அளவு 4க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அந்த நேரத்துக்கென்று கைப்பையில் சாக்லெட் வைத்திருப்பவர்கள் பலர். சாக்லெட்டில் உள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அப்போது தேவை அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு, அல்லது நீரில் கரைத்த 3 தேக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'ராமுவான்' என்ற பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். 'குலா' முதலில் நின்றால் நீங்கள் வாங்குவதில் அதிகம் இருப்பது சீனி. 'பெரிசா' என்றிருந்தால் சுவையூட்டி. கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் செம்பனை போன்ற தாவரக் கொழுப்பு இருந்தாலும் அங்கே தெரியும். அட்டவணையில் உள்ள சீனி கிராமை நான்கால் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு வந்துவிடும். வெளிநாட்டுப் பரிசுப் பெட்டிகளில் ஆரஞ்சு மதுபானம் கலந்தவையும் உண்டு. பிள்ளைகளுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் கொடுக்கும் முன் அதையும் பாருங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவு படுக்கப் போகும் நேரத்தில் சாக்லெட்டைத் தவிர்ப்பது நல்லது.

சாக்லெட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இனிப்பு என்று தெரிந்தே, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு சாப்பிடுங்கள். பழம் என்று நினைத்துப் பிள்ளையின் பள்ளிப் பையில் வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு அந்தச் சுவை பிடித்திருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆரஞ்சை உரித்து, சுளைகளின் மேல் தோல் கிழியாமல் பிரித்து, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். 70 விழுக்காடு டார்க் சாக்லெட்டை உருக்கி, ஒவ்வொரு சுளையின் நுனியை மட்டும் முக்கி, குளிர்சாதனப் பெட்டியில் 20 நிமிடம் வையுங்கள். அதில் உண்மையாகவே பழம் இருக்கும்; அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.