பல்லி சொன்ன திசை

சென்ற மாதம் ஒரு கலியாணத்தை முன்னிட்டு நாகப்பட்டினம் போயிருந்தோம். அங்கே நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குச் சமீபத்தில் நம்முடைய பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பொறுமைக்குப் பேர்போனவர். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று வாசலிலேயே நம்மைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, காப்பி வருவதற்குள் ஒரு பெரிய பிராதைக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

அவருடைய கடைசிப் பெண் கட்டிடக் கலை படிக்கிறாள். படம் வரைய நல்ல சக்தியுள்ள கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். கம்பெனிப் பெட்டியாக வாங்கினால் விலை அதிகம் என்று சொல்லி, சிநேகிதரின் தங்கை மகன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வோர் உறுப்பாகப் பொறுக்கி வாங்கிவந்து, வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தான். செலவு 60,000 ரூபாய். இரண்டு நாள் ஒழுங்காக ஓடிற்று. மூன்றாம் நாள் ‘பீப், பீப்’ என்று ஒரு கூவல். ஒரு நாள் காலையில் மூன்று முறை. மறு நாள் பகல் முழுவதும் மௌனம். விளக்கு வைத்த பிறகு ஒரு முறை. வேளையும் இல்லை, கணக்கும் இல்லை.

கம்ப்யூட்டர் கூவுவது புதிய வழக்கம் அல்ல. 1981-ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பெட்டியிலேயே சிறியதாக ஓர் ஒலிபெருக்கி உண்டு. விசையை அழுத்தியதும் யந்திரம் தன் அங்கங்களைத் தானே சோதித்துக்கொள்கிறது. திரைக்கு உயிர் வருமுன் ஏதேனும் குறை தென்பட்டால் எழுதிக் காட்ட வழியில்லை அல்லவா? ஆகையால் கூவிச் சொல்லும். ஒரு குறுங்கூவல் என்றால் பெரும்பாலும் சௌக்கியம். சில பலகைகளில் ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாக ஒலித்தால் படம் காட்டும் அட்டையில் கோளாறு. இதில் கம்பெனிக்கு ஒரு பாஷை. மதர்போர்டோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இந்நாளில் பல பலகைகளுடன் ஒலிபெருக்கி வருவதே இல்லை. அதற்குப் பதில் சிறு விளக்குகள் வைத்துவிடுகிறார்கள். வேண்டியவர்கள் புளியங்கொட்டை அளவில் ஒன்றைத் தனியே வாங்கிச் செருகிக்கொள்ளலாம். நம் பையன் புத்திசாலியாக அதைச் செருகியிருந்தான். அதுவே அவனுக்கு வினையாயிற்று.

ஏனெனில், கூவல் கேட்டதும் எல்லோருடைய கண்ணும் பெட்டியின் மேல் போயிற்று. பையனும் தன்னால் இயன்றதையெல்லாம் செய்தான். மேஜை ஒலிபெருக்கிகளின் வாயை அடைத்துப் பார்த்தான், கூவல் நிற்கவில்லை. ஓடும் யந்திரம் கூவினால் சூடு ஏறியிருக்கலாம் என்று வெப்பத்தை அளந்தான், விசிறிகளை எண்ணினான், குறை இல்லை. கடற்காற்று உப்பேற்றியிருக்குமோ என்று ஞாபக அட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினான். ஒன்றும் பலிக்காமல் போகவே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயில் ஏறிச் சென்னைக்குப் போனான். கடைக்காரர் பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். பெட்டி வாயைத் திறக்கவில்லை. நாகைக்குத் திரும்பிய மறு நாள் காலையில், ‘பீப், பீப்!’

“மலிவைத் தேடினால் இப்படித்தான்” என்று சிநேகிதர் நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். பூட்டிய கூலியையும் கொடுக்கவில்லை. தங்கை அதைக் கேட்டுப் பதினைந்து நாளாக அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நாம் போயிருந்த அன்று மாலை பையன் வந்தான். “மாமா, அந்த ஒலிபெருக்கியையே பிடுங்கிவிடுகிறேன்” என்றான். அவனுக்கு அதில் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நோய் இருக்க நோயாளியின் வாயைக் கட்டுகிற வைத்தியம் யாருக்குத்தான் பிடிக்கும்?

பிடுங்கினான். மேஜை மேல் அந்தப் புளியங்கொட்டை கிடந்தது. பெண் படம் வரைய உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ‘பீப், பீப்’ என்றது!

கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஊஞ்சலில் இருந்த பாட்டி, அதாவது சிநேகிதருடைய தாயார், “ஏண்டா தம்பி, சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது?” என்று கேட்டாள்.

சிநேகிதர் சிரித்தார். “இது பல்லி இல்லை அம்மா, பஞ்சாங்கம் பார்த்துப் பலன் சொல்ல!” என்றார். நாமும் கூடச் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பையன் மட்டும் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, அடுத்த கூவலுக்காகக் காத்திருந்தான். பெட்டிக்குப் பின்னால், கம்பிகளின் புதருக்குள் யூ.பி.எஸ். இருந்தது. கூவியது அது!

மின்சாரம் போனாலும் சட்டென்று தாழ்ந்தாலும், நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் தன் பாட்டரிக்கு மாறி யந்திரத்தைக் காப்பதும், மாறினேன் என்று கூவி அறிவிப்பதும் யூ.பி.எஸ்.ஸின் தர்மம். படிப்பு முடிந்ததும் பெண் கம்ப்யூட்டரோடு அதையும் அணைத்துவிடுவாள். ஆகவே பெட்டி ஓடாதபோது கூவல் கேட்டதே இல்லை. பழி பெட்டியின் மேல் விழுந்தது. சென்னைக்குப் பெட்டி போயிற்றே தவிர யூ.பி.எஸ். போகவில்லை.

ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்க, யூ.பி.எஸ். ஏன் கூவ வேண்டும்? இதற்கும் பாட்டியே வழி காட்டினாள். “மாடித் தொட்டியில் தண்ணீர் விழும்போதுதான் இது கத்துகிறது” என்றாள். அந்த வீட்டில் தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஏற்பாடு. யார் எப்போது குளிப்பார், எப்போது துணி தோய்ப்பார் என்பதற்குக் கணக்கு ஏது? கூவலுக்குக் கணக்கு இல்லாமற் போன காரணம் இதுதான். குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் குறைத்தோம். மோட்டார் உறுமிற்று, யூ.பி.எஸ். கூவிற்று. மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் அப்படியே.

மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். கம்பி செவ்வையாயிருந்தால் அதனால் வீட்டுக்குள் இவ்வளவு தாழ்வு உண்டாகக் கூடாது. மறு நாள் எலெக்ட்ரீஷியன் வந்து கூடத்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே ஓர் இணைப்பு. வெறுமே முறுக்கி நாடா சுற்றியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி ‘கஜா’ புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறி ஊரையே இருட்டில் ஆழ்த்திய பிறகு, அவசரத்தில் செய்த வேலை. உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அத்தகைய இணைப்பில் மின்சாரம் தடைப்பட்டுச் சூடாக மாறும். சுற்றிய நாடா உருகி, அதை அடுத்த மரப்பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கரிந்து கிடந்தது. இன்னும் ஒரு கோடை தாண்டியிராது என்றார் அவர்.

முன்பெல்லாம் மோட்டார் கிளம்பினால் விளக்கு ஒரு தரம் மங்குவது உண்டாம். நாகைக் கரண்டு அப்படித்தான் என்று விட்டுவிட்டார்களாம். அந்த வீட்டில் குறையை வாய்விட்டுச் சொல்லக்கூடிய சாமான் அதுவரை ஒன்றும் இருந்ததில்லை.

மோட்டாருக்கு மீட்டர் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்தார்கள். யூ.பி.எஸ்.ஸை மேஜைக்கு மேல், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். பையன் புளியங்கொட்டையை மறுபடியும் செருகினான். சாயங்காலம் சிநேகிதர் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். துணைக்கு நம்மையும் அழைத்தார். கூலிப் பணத்தைப் பையனிடம் நீட்டியபோது அவன் வாங்க மறுத்தான். தங்கை உள்ளேயிருந்து, “வாங்கிக்கொள்ளடா, உழைத்த காசுதானே” என்று சொல்லிவிட்டு, “அண்ணா, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்” என்றாள்.