வாக்கை மாற்றிய வாலிபர்

ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாராயின் அவரை நிலையற்றவர் என்று இகழ்தல் உலகியல்பு. எந்நாளும் ஒன்றையே கூறுவாரை உறுதியுடையார் எனப் போற்றுகின்றோம். இவ்வளவுகோல் நேரியதுதானா என்பதை, ஹாரி பர்ன் என்னும் அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினரது வரலாற்றைக் கொண்டு ஆராய விழைகின்றோம்.

பர்ன், டென்னெஸ்ஸி மாகாணத்து நையோட்டா என்னும் சிற்றூரினர். 1918-ஆம் ஆண்டில், தமது 22-ஆம் வயதில், மாகாணப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1920-இல், பெண்டிர்க்கு வாக்குரிமை அளிக்கும் அரசியற் சட்டத் திருத்தம் அச்சபையின் முன் வந்தது. அந்நாளைய 48 மாகாணங்களுள் 36 இசைந்தாலன்றி அது நிறைவேறாது. 35 முன்னரே இசைந்திருந்தன. பர்னின் தொகுதியினருட் பலர் திருத்தத்தை விரும்பவில்லை. அவரும் எதிர்ப்பாளரது அடையாளமாகிய செந்நிற ரோஜா மலரையே அணிந்திருந்தார்.

ஆகஸ்டு 18-ஆம் நாள், திருத்தத்தை ஒத்திவைக்க வேண்டுமென்ற பிரேரணையை அவர் ஆதரித்தார். அது 48-க்கு 48 எனச் சமனாகித் தோல்வியுற்றது. அடுத்துத் திருத்தமே வாக்கிற்கு விடப்பட்டபோது, பர்ன் “ஆம்” என்றார். 49-க்கு 47 என்னும் கணக்கில் அது வென்றது. திருத்தத்தை ஆதரிக்குமாறு அன்னையார் பெப் பர்ன் எழுதிய கடிதம் அப்பொழுது அவரது சட்டைப்பையில் இருந்தது.

தாய் சொல்லைத் தட்டாத தனயன் என்று கூறி இவ்வரலாற்றை முடித்துவிடுவோர் பலர். நமக்கு அவ்வளவில் அமைதி உண்டாகவில்லை. அவர் கையூட்டுப் பெற்றார் என்னும் பழி எழுந்தது. உடனே அவர் தம் காரணங்களைச் சபைக் குறிப்பேட்டிற் பதிவு செய்வித்தார். அன்னையின் அறிவுரையை அங்கு மறைத்தாரல்லர்; எனினும், வாக்குரிமை பெண்டிர்க்கு உரியதென்னும் தமது நம்பிக்கையையே முதற்கண் வைத்தார். பின்னர், அத்தொகுதியினர் முன்னரே மீண்டும் சென்று நின்றார். அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தனர். பிற்காலத்தில் மாகாண மேற்சபையிலும் அமர்ந்து, 1977-இற் காலமானார்.

அவ்வெற்றியும் முழுமையானதன்று. தென் மாகாணங்களிற் கறுப்பினப் பெண்டிர் பலர், 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை வாக்களிக்கவொட்டாது தடுக்கப்பட்டனர். ஆயினும், அந்நாளில் அவ்வாலிபர் செய்தது சிறிதன்று.

மாணவ நண்பர்காள்! நமது சொற்போர் மன்றத்தில், எடுத்த கட்சியை இறுதிவரை விடாமையையே பெருமையாகக் கருதுகின்றோம். எதிர்க்கட்சியின் நியாயம் நெஞ்சிற் பட்டபின்னும் வாளா இருப்பது, சபைக்கும் மனச்சான்றிற்கும் இழைக்கும் தவறாகும். மாறுக, மாறியதன் காரணத்தைப் பலரறியக் கூறுக. அதுவே உறுதியென்பது எமது துணிபு.