அந்தத் துக்கம் பிள்ளையுடையது

மார்க்குக்காகப் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டு, விடியுமுன் எழுப்பிப் படிக்க வைத்த ஊர் நம் நாமக்கல். தனியார் பள்ளிகள் பல பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவை நடத்தின. நாமும் பணம் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தோம். 2017-18இல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது அதனால்தான். அதே அவசரத்தோடு இப்போது பிள்ளைகளின் துக்கத்தில் கை வைத்திருக்கிறோம்.

கோழிப்பண்ணையிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் சம்பாதித்த வீடுகளிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகிறது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். தலைப்புகள் பல உண்டு; சந்தித்த தடை, தோல்வி பற்றியது அதில் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

"அவங்கப்பா லாரி ஆக்சிடென்ட்ல போனதை எழுதச் சொல்லுங்க சார், உருக்கமா இருக்கும்." ஒரு கன்சல்டன்சியில் தாய்மாமன் ஒருவர் இப்படிச் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பெண் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அவள் எழுதுவாள். இன்னும் விவரம் வேண்டும் என்பார்கள். ட்யூஷன் டீச்சர் திருத்துவார், பெரியம்மா படிப்பார், வாட்ஸப்பில் சித்தப்பாவுக்கும் போகும். திருத்தி எழுதும் ஒவ்வொரு தடவையும் அவள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு சீட் கிடைக்காவிட்டால், அப்பாவின் சாவுகூடப் போதவில்லை என்றுதானே அந்த வயதில் தோன்றும்? அதற்கு நாம் என்ன சமாதானம் சொல்வோம்?

எழுதினால் மனம் ஆறும் என்கிறார்கள். 1986இல் வெளியான பென்னபேக்கர், பீல் இருவரின் உளவியல் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாலு நாள், தினம் 15 நிமிடம், தங்களை வாட்டியதை எழுதினார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தத் தாளில் பெயர் இல்லை. படித்துப் பார்த்து சீட் கொடுப்பவரும் இல்லை. வாட்டியவற்றில் எதை எழுதுவது என்பதும் அவர்கள் விருப்பம்.

வீட்டுச் சூழ்நிலையால் மார்க் குறைந்திருந்தால் அதைச் சுருக்கமாகச் சொல்ல அதே விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. பள்ளி தரும் கடிதத்திலும் சொல்லலாம். கட்டுரையில் கல்லூரிகள் தேடுவது பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை. முட்டை விலையை அறிவிக்கும் என்.இ.சி.சி. அதை ஏன் இன்று குறைத்தது என்று அப்பாவோடு தினமும் வாதாடும் பையனுக்கு எழுத விஷயம் இல்லையா? கொல்லிமலைக்குப் போனால் செடியை விட்டு நகராத பெண்ணுக்கு இல்லையா?

பிள்ளை தானாகவே அந்தத் துக்கத்தை எழுத விரும்பினால் எழுதட்டும், தடுக்காதீர்கள். எழுதும்போது தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், கட்டுரையை மூடி வைத்துவிட்டு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். விண்ணப்பத்தைத் திறக்குமுன் தனியாக உட்கார வைத்து, "இதை எழுத உனக்குச் சம்மதமா, கண்ணு?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். மாமனையும் கன்சல்டன்டையும் வைத்து மறுபடி கேட்க வைக்காதீர்கள்.