இலங்கையில் 77, இந்தியாவில் 72, நம்மூர் தோல் ஷாப்பு தொழிலாளிக்கு எத்தனை?

வேலூர் சி.எம்.சி. எதிரே இருக்கிற சந்துகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். லாட்ஜ், ஓட்டல், மருந்துக்கடை என்று எந்த போர்டைப் பார்த்தாலும் வங்காள எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள், எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்தும் வருகிறார்கள். நகையை அடகு வைத்து, ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, கையில் ஃபைலோடு வந்து இறங்குகிறவர்கள் அவர்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்று அவ்வளவு பெரிய நம்பிக்கை. நமக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் ஒரு கேள்வி. நம்ம ஊருக்கு வைத்தியம் தேடி வருகிற அந்த பங்களாதேஷ்காரர் அதிக வருஷம் வாழ்கிறாரா, இல்லை ஆஸ்பத்திரியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற நாட்டுக்காரர் நாம் அதிக வருஷம் வாழ்கிறோமா?

ஐ.நா.வின் மக்கள்தொகைக் கணக்குப்படி 2023-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 72. பங்களாதேஷில் 75-ஐத் தொடப்போகிறது. இலங்கையில் 77. பாகிஸ்தானைக் காட்டி யாராவது மார்தட்டினால் தட்டட்டும், அங்கே 68-க்குள்தான். ஆனால் நாம் முந்தவேண்டியவர்களை விட்டுவிட்டு, பின்னால் ஓடி வருகிறவரைத் திரும்பிப் பார்த்து சிரிப்பதில் என்ன இருக்கு?

"அது குழந்தை இறப்பால வர்ற வித்தியாசம் சார்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. பிறந்த ஆண்டிலேயே போய்விடும் குழந்தைகள் சராசரியை இழுத்துவிடுவார்கள்தான். அதனால் வேறு மாதிரி கேட்போம். 60 வயதை ஒருத்தர் எட்டிவிட்டார், இனி எத்தனை வருஷம்? இந்தியாவில் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல். இலங்கையில் 20-ஐத் தாண்டுகிறது. குழந்தை இறப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் நிற்கிறது. அறுபது வருஷமாக அந்த உடம்பு என்ன குடித்தது, எதைச் சுவாசித்தது, சர்க்கரையும் பிரஷரும் வந்தபோது யார் கவனித்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை.

தமிழ்நாடு பரவாயில்லை. 2016-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியா 70, நாம் 73. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, நம்மைப்போலவே சோறும் மீனும் தின்கிற இலங்கையை நாம் எட்டவில்லை. (ரெண்டும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு ஆண்டு. ஒன்றிரண்டு தசமம் முன்னே பின்னே இருக்கலாம். யார் முன்னால் என்பது மாறாது.)

இலங்கை எப்படிச் செய்தது? பெரிய ஆஸ்பத்திரி கட்டி அல்ல. 1926-லேயே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவை ஆரம்பித்து, வீடு வீடாகப் போகும் மருத்துவச்சிகளை உருவாக்கினார்கள். 1931-ல் ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஓட்டு வந்ததும் கிராமத்து ஆஸ்பத்திரி வந்தது. 1945-ல் இலவசக் கல்வி. 1946-ஐ ஒட்டி மலேரியாவை அடித்து விரட்டிய வேகத்தில், ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு ஒரே வருஷத்தில் 14 ஆனது. 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனம் நாள்கணக்கில் கியூவில் நின்ற நாடு அது. அந்த நிலைமையிலும் இந்த அஸ்திவாரம் பெயர்ந்துவிடவில்லை.

பங்களாதேஷ் 1971-ல் பிறந்தபோது நமக்குப் பின்னால் இருந்த நாடு. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து வயிற்றுப்போக்கில் பிள்ளையைக் காப்பாற்றுவது எப்படி என்று வீடு வீடாகப் போய் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாமே வாசல் தேடிப் போனது. நம் மாநிலம் 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவமும் அதே வழிதான். சரியான வழி.

இலங்கையின் 77-க்கு உள்ளேயும் ஒரு கதை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயன் வீடுகளில் வாழ்ந்த நம் தமிழர்களுக்கு 1948-ல் குடியுரிமையே பறிபோனது. நாடே முன்னேறியபோது தோட்டத்தில் குழந்தை இறப்பும் பிரசவ இறப்பும் பல பத்தாண்டுகள் மற்ற ஊர்களைவிட அதிகமாகவே இருந்தன. நாட்டின் சராசரி உயர்ந்தது. அதைச் சம்பாதித்துக் கொடுத்த தொழிலாளி சராசரிக்குக் கீழேயே கிடந்தார்.

இப்போது ஆம்பூருக்கு வாங்க. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, விஷாரம், ராணிப்பேட்டைக்கு வாங்க.

பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவனே பணம் கட்டணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன வழக்கு நம்ம வேலூர் வழக்கு. சட்டக் கல்லூரியில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதே விவகாரம், 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் அதே நீதிமன்றம்: பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு என்று உத்தரவு. நடுவில் 28 வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு 50 வயதில் இருந்த விவசாயிக்கு இந்த உத்தரவு வந்தபோது 78. இந்தியாவின் சராசரி ஆயுளே 72 என்று மேலே சொன்னோம், கணக்கு போட்டுக்கோங்க.

அதுவும் நிலம் கெட்டதற்கான இழப்பீடு. தொழிலாளியின் உடம்பு கெட்டதற்கு?

சுண்ணாம்புத் தொட்டியில் கை விட்டவர், டிரம்மில் குரோம் கொட்டியவர், பஃபிங் மெஷின் பக்கத்தில் தோல் தூசியைச் சுவாசித்தவர், ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் பசை வாசனையில் உட்கார்ந்த நம் அக்கா தங்கைகள். தோல் தூசி மூக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான பட்டியலிலேயே வைத்திருக்கிறது. குரோம் புண், சட்டப்படி மருத்துவர் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய். 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டி உடைந்து, தூக்கத்திலேயே 10 தொழிலாளிகள் செத்தார்கள். அது பேப்பரில் வந்தது. இருமி இருமி மெதுவாகப் போகிறவர் எந்தப் பேப்பரில் வருகிறார்?

தொழிலை மூடச் சொல்லவில்லை தோழர்களே. இந்த ஊரின் சோறு அது. நாம் கேட்பது கணக்கு. ஆயுள் கணக்கை ஆண், பெண், கிராமம், நகரம், மாநிலம் என்று பிரித்துப் போடுகிறார்கள். தொழில்வாரியாகப் போடுவதில்லை. தோல் ஷாப்பு தொழிலாளியின் சராசரி ஆயுள் என்ன என்று கேட்டால் நீட்ட ஒரு எண் கிடையாது.

வயசான பிறகு கையில் என்ன இருக்கு? மத்திய அரசின் முதியோர் பென்ஷன் பங்கு 2007-ல் 200 ரூபாய். 80 வயது ஆகாதவருக்கு இன்றும் அதே 200. மாநில அரசு தன் பணத்தைப் போட்டு 2023-ல் ஓ.ஏ.பி.யை 1,200 ஆக்கியது. பி.எஃப். குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து ஆயிரத்திலேயே நிற்கிறது. நேபாளத்தைப் பாருங்கள், நம்மைவிட ஏழை நாடு. 2021-ல் 70 வயது தாண்டியவருக்கு மாதம் 4,000 நேபாள ரூபாய் என்று ஆக்கினார்கள். நம் பணத்தில் 2,500. ஏழை நேபாளத்தால் முடிந்தது டெல்லியால் முடியாதா? அந்த 200-ஐ உயர்த்து என்பது நம் முதல் கோரிக்கை. பாலாற்றுப் பகுதியில் ஓய்வுபெற்ற தோல் தொழிலாளர்களுக்குத் தனியாக நெஞ்சு, தோல், சிறுநீரகப் பரிசோதனை வேண்டும் என்பது அடுத்தது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ரெண்டு இருக்கு.

ஒன்று, ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து ஓய்வுபெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் துணையும் இ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடரலாம். உங்கள் தெருவில் யார் யாருக்கு இது பொருந்தும் என்று கேளுங்கள். பழைய இ.எஸ்.ஐ. கார்டைத் தேடி எடுக்க உதவுங்கள். கான்ட்ராக்டில் வைத்து பிடித்தமே போடாமல் விட்டவர்கள் இருந்தால் அந்தப் பெயர்களைத் தனியாக எழுதுங்கள்.

ரெண்டு, இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் 'இறந்தவரின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. துக்க வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. 21 நாளைக்குள் பதிவு செய்யப் போகும்போது கூடப் போங்கள். அந்தக் கட்டத்தில் 'கூலி' என்றோ 'இல்லை' என்றோ எழுதவிடாதீர்கள். 'தோல் பதனிடும் தொழிலாளி, 31 ஆண்டு' என்று, எத்தனை வருஷமோ அத்தனையையும் போட்டு எழுதச் சொல்லுங்கள்.