சூரணத்துக்கு முன் சீரான வேளை

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பற்றித் தேநீர் இடைவேளையில் தயக்கமின்றிப் பேசுகிறோம். காலையில் மூன்று நான்கு முறை கழிப்பறைக்குச் செல்ல நேர்வதையோ, வெளியூர்ப் பயணம் என்றதும் வயிற்றைப் பிசைவதையோ எவரும் பேசுவதில்லை. கூச்சத்தால் மறைக்கப்படும் நோய்க்கு மருத்துவரைவிட விளம்பரமே முதலில் துணை நிற்கிறது. மாதந்தோறும் ஒரு புதிய சூரணப் புட்டி வீட்டுக்கு வருகிறது. ஆயுர்வேதத்தின் பெயரால் செய்யப்படும் இச்செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பது என் கருத்து. இந்நோய்க்கு அம்மருத்துவம் தரும் சிறந்த உதவி, உண்ணும் முறையிலும் அன்றாட ஒழுங்கிலும் உள்ளது. அதற்கு விலை இல்லை.

மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் எரிச்சலுறு குடல் நோயில், குடலில் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. அடிக்கடி வயிற்றுவலி வரும். அதனுடன் வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ, சிலருக்கு இரண்டும் மாறிமாறியோ தொல்லை தரும். மூளைக்கும் குடலுக்கும் இடையிலான தொடர்பில் ஏற்படும் பிசகு இதில் பெரும்பங்கு வகிப்பதால், மனக்கவலை மிகும்போது வயிறும் கலங்குகிறது.

சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 15ஆம் அத்தியாயம் ‘கிரகணி’ நோயை விளக்குகிறது. தமிழில் ‘கிராணி’ என வழங்குவது இச்சொல்லே. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் அறிகுறிகள் பல ஒத்துள்ளன. செரிமானத் தீ ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் கெட்டும் எரியும் நிலையை ஆயுர்வேதம் ‘விஷமாக்கினி’ என்கிறது. இதைச் சீராக்கும் வழிகள் எளியவை. முன் உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும். வயிற்றில் இரண்டு பாகம் உணவுக்கும் ஒரு பாகம் நீருக்கும் ஒதுக்கி, நான்காம் பாகத்தை வெறுமையாக விடச் சொல்கிறது அஷ்டாங்க ஹிருதயம். அடக்கக் கூடாத 13 இயற்கை உந்துதல்களைச் சரகர் பட்டியலிடுகிறார். மலங்கழித்தல் அவற்றுள் ஒன்று. அளவறிந்து, பசித்து உண்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் வற்புறுத்துகிறது.

‘வேலைக்குச் செல்பவருக்கு இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்கலாம். முழுவதும் நடவாது, ஓரளவு நடக்கும். இடமாற்றலில் வட மாநிலம் செல்லும் வங்கி அலுவலரை எண்ணிப் பாருங்கள். சோறும் மோரும் பழகிய வயிறு, ஒரே வாரத்தில் மூன்று வேளையும் கோதுமைக்கும் ராஜ்மாவுக்கும் மாறுகிறது. பழகிய உணவை ஒரேயடியாக மாற்றாமல், கால் பங்கு கால் பங்காக மாற்றுமாறு சரகர் கூறுகிறார். புதிய ஊரில் ஒருவேளையேனும் பழைய உணவைக் காத்துக்கொள்வது எவராலும் இயலும். ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் கூட, மதிய உணவுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குவது இயலாததன்று. முகப்பில் இருக்கும் ஊழியர் உணவுக்கு எழும்போது வாடிக்கையாளர்கள் சற்றுப் பொறுத்தருள்வதும் ஓர் உதவியே.

ஒருவருக்கு உகந்தது மற்றவருக்கு உகந்ததன்று என்பதை ஆயுர்வேதமும் நவீன மருத்துவமும் ஒருசேர ஏற்கின்றன. கிரகணிக்கு மோரைப் பெரிதும் புகழ்கின்றன பழைய நூல்கள். பால் சர்க்கரை செரிக்காத சிலருக்கு மோரும் தொல்லை தரலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பருப்பு வகைகள் ஆகியவை பலருக்கு வயிற்று உப்புசத்தை உண்டாக்குகின்றன. தமக்கு எது ஒவ்வாது என்பதை அறிய எளிய வழி, வரவு செலவு எழுதுவதுபோல் ஒரு குறிப்பேடு எழுதுவதாகும். உண்ட நேரம், உண்ட பொருள், உறக்கம், மனநிலை, வயிற்றின் நிலை என ஐந்து பத்திகள் போதும். நான்கு வாரம் எழுதினால், ஒவ்வாத பொருளும் ஒவ்வாத வேளையும் பெரும்பாலும் புலப்படும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் எல்லா வயிற்றுக் கோளாறும் ஐ.பி.எஸ். அன்று. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் இத்தகைய அறிகுறிகளுடன் தோன்றுவதுண்டு. அதற்குச் சூரணம் தின்று கழிக்கும் மாதங்கள் உயிருக்கே கேடாகலாம். தவிர, சில ஆயுர்வேத மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததை ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. ஆகவே எந்த மருந்தையும் பதிவு பெற்ற வைத்தியரின் அறிவுரையின்றி உண்ணலாகாது.

அடுத்த புட்டியை வாங்குமுன் மருத்துவரைக் கண்டு நோய் இன்னதென உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னர் ஒரு குறிப்பேட்டை வாங்கி இன்றைய மதிய உணவிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அலோபதி மருத்துவரிடம் சென்றாலும் ஆயுர்வேத வைத்தியரிடம் சென்றாலும், கூச்சத்தால் வாய் சொல்லத் தயங்குவதை அந்த ஏடு அவருக்குச் சொல்லிவிடும்.